மண்டி நோட்டில் இருந்த எண்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கின்றன? செவ்வாய்பேட்டையில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

செல் நம்பரின் முதல் நாலு இலக்கத்தைப் பார்த்ததும் "இது பிஎஸ்என்எல், இது ஏர்டெல்" என்று அடித்துச் சொல்கிற ஆட்கள் சேலத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 9443 என்றால் பிஎஸ்என்எல், 9894 என்றால் ஏர்டெல், 9842 என்றால் ஏர்செல். 2011-க்கு முன்னால் இந்தக் கணக்கு சரி. இன்றைக்கு அந்த நாலு இலக்கம், அந்த எண் எந்தக் கம்பெனியின் கையில் பிறந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். இப்போது எங்கே குடியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்தக் கணக்கை நம்பி ஒரு மண்டி மழை நேரத்தில் எப்படித் திண்டாடியது, அப்புறம் பட்டியலை எப்படிச் சரிசெய்தோம் என்று முழுசாக எழுதி வைக்கிறேன். வாடிக்கையாளர் எண்களை நோட்டிலோ எக்செல்லிலோ வைத்திருக்கும் யாருக்கும் இது பயன்படும்.

நோட்டு

செவ்வாய்பேட்டையில் காபியும் மிளகும் வாங்கும் ஒரு மண்டி. ஏற்காட்டு மலையில் நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி, கொட்டச்சேடு, மாரமங்கலம் என்று பல ஊர்களிலிருந்து சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் இங்கே சரக்கு போடுகிறார்கள். அவர்களுடைய எண்களெல்லாம் கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் ஒரு நீள நோட்டில் இருக்கின்றன. பெயர், ஊர், எண், அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் எழுத்து. ஏர்டெல்லுக்கு "ஏ", ஏர்செல்லுக்கு "ஏசெ", பிஎஸ்என்எல்லுக்கு "பி", வோடஃபோனுக்கு "வோ". பின்னால் வந்த பக்கங்களில் "ஜி" என்று ஜியோவும் சேர்ந்திருக்கிறது.

இந்த எழுத்து சும்மா போட்டதில்லை. ஒரே நெட்வொர்க்குக்குள் பேசினால் காசு குறைவு என்று இருந்த காலத்தில், மண்டியில் மூன்று நான்கு சிம் வைத்துக்கொண்டு, எந்த எழுத்தோ அந்த சிம்மிலிருந்து கூப்பிடுவார்கள். அந்த வழக்கம் செத்துப்போகிற நேரத்தில் 2019 அக்டோபரில் ஜியோ மற்ற நெட்வொர்க்குகளுக்குப் பேசினால் நிமிஷத்துக்கு 6 பைசா என்று ஆரம்பித்தது, நோட்டுக்கு மறுபடி கொஞ்ச நாள் உயிர் வந்தது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கட்ட வேண்டியிருந்த அந்த இணைப்புக் கட்டணமே 2021 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனதும், எழுத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புது ஆள் சேரும்போது மட்டும் கணக்குப்பிள்ளை பழக்க தோஷத்தில் முதல் நாலு இலக்கத்தைப் பார்த்து ஓர் எழுத்தைப் போட்டுவிடுவார். யாரையும் கேட்டுப் போட்டதில்லை.

மழை

2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். காபிப் பழம் பறிக்கிற காலம் அது, களத்தில் காய்ந்துகொண்டிருக்கும் சரக்கு நனைந்தால் பூஞ்சை பிடித்து விலை பாதியாகிவிடும், தார்ப்பாய் போட்டு மூடினார்களா, மூட்டை கட்டியது எவ்வளவு, குப்பனூர் வழியாக வண்டி ஏறுமா இல்லை அதுவும் அடைத்துக்கிடக்கிறதா என்று மேலே இருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து மலையின் ஒரு பக்கத்தில் ஒரு நெட்வொர்க் சுத்தமாகப் படுத்துவிட்டது. எது என்பது இங்கே தேவையில்லை, அந்த மழையில் யார் டவரும் படுக்கலாம்.

கணக்குப்பிள்ளை செய்தது நியாயமான வேலை. படுத்த நெட்வொர்க்கின் எழுத்து இருப்பவர்களை விட்டுவிட்டு, ஊருக்கு ஒருவராக வேறு எழுத்துக்காரரைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டார். வரிசையாக "தொடர்பு எல்லைக்கு வெளியே". கடைசியில் வெறுத்துப்போய், கிடைக்கவே கிடைக்காது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"ஏம்ப்பா, உன் டவரே இல்லைங்கறாங்க, நீ எப்படிப் பேசற?"

"அதுங்களா, நான் கம்பெனி மாத்தி ரெண்டு வருசம் ஆச்சுங்க. நம்பர் அதேதானுங்க."

மழை விட்டதும் மண்டி முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஐந்து ரோடு பக்கம் எனக்கு செல்போன் சர்வீஸ் கடை, ரீசார்ஜும் உண்டு. "தம்பி, இந்த நோட்டுல இருக்கிற எழுத்தெல்லாம் பொய்யா இருக்கு. எது எதுன்னு சரியா போட்டுக் கொடு" என்றார். கேட்க ஒரு மணி நேர வேலை மாதிரி இருக்கும். இல்லை.

முதல் நாலு இலக்கம் ஏன் பொய் சொல்கிறது

எண் வரிசைகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்குக் கட்டுக்கட்டாக ஒதுக்குகிறது. 9842 வரிசை தமிழ்நாட்டில் ஏர்செல்லுக்குப் போனது அப்படித்தான். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25-ல் ஹரியானாவில் ஆரம்பித்து, 2011 ஜனவரி 20-ல் நாடு முழுக்க வந்தது. அப்போதும் ஒரு வட்டத்துக்குள் மட்டும்தான் (வட்டம் என்றால் செல் கம்பெனிகளுக்கான எல்லை, ஏறக்குறைய ஒரு மாநிலம்). 2015 ஜூலை 3-லிருந்து எண்ணை வைத்துக்கொண்டே மாநிலமும் மாறலாம். ஆகவே கம்பெனி மட்டுமில்லை, "இது கர்நாடகா நம்பர்" என்பதும் போய்விட்டது. நோட்டில் 9845-ல் ஆரம்பிக்கும் எண் ஒன்று உண்டு. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு அப்பாவின் தோட்டத்தைப் பார்க்கத் திரும்பி வந்த பையனுடையது. எண் பிறந்தது பெங்களூர், இப்போதைய சிம் ஏற்காட்டில் வாங்கியது.

அப்படியானால் நாம் கூப்பிடும்போது அழைப்பு எப்படிச் சரியான இடத்துக்குப் போகிறது? நம்மூர் முறையில் அந்தப் பொறுப்பு கூப்பிடுகிறவரின் கம்பெனியுடையது. ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னால் அது ஒரு தரவுத்தளத்தைப் பார்க்கும், எண் மாறியிருந்தால் இப்போதைய கம்பெனிக்கான வழிகாட்டு எண் ஒன்று கிடைக்கும், அதை முன்னால் ஒட்டி அழைப்பைத் தள்ளிவிடும். ஒருவர் மாறும்போதெல்லாம் நடுவில் இருக்கும் பரிமாற்ற நிறுவனம் அதை எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும். இந்தியாவை இரண்டு மண்டலமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. தமிழ்நாடு தெற்கும் கிழக்கும் சேர்ந்த இரண்டாம் மண்டலம்.

சரியான விடை இருக்கும் ஒரே இடம் அந்தத் தரவுத்தளம். அது உங்களுக்கும் எனக்கும் திறந்து கிடையாது. பணம் கட்டினால் நெட்வொர்க்கையே கேட்டுச் சொல்லும் சேவைகள் இருக்கின்றன, வங்கிகளும் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கம்பெனிகளும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. ஒரு மண்டி நோட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. நம் கையில் இருக்கும் வழிகளெல்லாம் அந்தத் தரவுத்தளத்தின் நிழலைப் பார்க்கிற வழிகள்தான், எந்த நிழல் பழசு, எது புதுசு என்று தெரிந்தால் போதும்.

ஓர் எண்ணின் வரலாறு

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நோட்டில் இருந்த ஒரு 9842 எண். செம்மநத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவருடையது. நோட்டில் "ஏசெ". தமிழ்நாட்டில் ஏர்செல் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது எல்லோருக்கும் தெரியும், மலை மேல் பலருக்கு முதல் செல்போனே அதுதான். 2018 பிப்ரவரியில் சிக்னல் ஊர் ஊராகப் போய், மாத இறுதியில் கம்பெனி திவால் மனுப் போட்டது. மாறுவதற்கு 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், அதை அனுப்பவே சிக்னல் இல்லை, சேலம் கடைகளில் அப்போது நின்ற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் அந்த அலையில் எப்படியோ வோடஃபோனுக்கு வந்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 31-ல் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின, 2020 செப்டம்பரில் பெயரே வி ஆனது. அவர் எதுவும் செய்யாமலே கம்பெனி பெயர் மாறிவிட்டது. 2024 ஜூலை ஆரம்பத்தில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை ஏற்றியபோது நிறையப் பேர் பிஎஸ்என்எல் பக்கம் போனார்களே, பேரன் அவரையும் அதில் சேர்த்துவிட்டான்.

அதாவது எண்ணைப் பார்த்தால் ஏர்செல், பேரனைக் கேட்டால் பிஎஸ்என்எல், நடுவில் ஒரு மாற்றம் அவருக்கே தெரியாமல் நடந்தது. ஒரே ஒரு எழுத்தில் இதை எப்படி எழுதுவது?

எதைக் கேட்டால் எவ்வளவு நம்பலாம்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, எண்ணைப் போட்டால் கம்பெனியைக் காட்டும் இணையதளங்களும், கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் ஆப்களும். இவற்றில் பல முதல் இலக்கங்களை வைத்துச் சொல்பவை, நோட்டு செய்ததையே கணினியில் செய்கின்றன. கூகுளின் லிப்ஃபோன்நம்பர் என்ற இலவசத் தொகுப்பைப் பல ஆப்கள் உள்ளே வைத்திருக்கின்றன. அதில் கம்பெனி பெயர் சொல்லும் பகுதி, எண் முதலில் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதைத்தான் தருகிறது. அதை எழுதியவர்கள் நேர்மையானவர்கள், கம்பெனி மாற்றும் வசதி உள்ள நாடு என்றால் பெயரே சொல்லாமல் விட்டுவிடும் இன்னொரு வழியையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள். ஆப் எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை, பெட்டி காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதே. பெரியவரின் எண்ணை இப்படி ஒரு தளத்தில் போட்டேன், "ஏர்செல், தமிழ்நாடு" என்று கூசாமல் சொன்னது. செத்துப்போன கம்பெனியைச் சொன்னால் அந்தத் தளம் எப்படிப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும், ஒரு வகையில் நல்லது. உயிரோடு இருக்கும் கம்பெனியைத் தப்பாகச் சொல்லும்போதுதான் ஏமாறுவோம்.

அடுத்தது ரீசார்ஜ் ஆப். எண்ணை அடித்ததும் கம்பெனியும் வட்டமும் தானாக நிரம்பும். இது முந்தையதைவிட நல்லது, மாறிய எண்களைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஆனால் சமீபத்தில் மாறியவரைப் பழைய கம்பெனியிலேயே காட்டும் சந்தர்ப்பம் உண்டு. ரீசார்ஜ் கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி: கம்பெனி தப்பாக விழுந்து, கவனிக்காமல் பணத்தைத் தட்டினால் "ஃபெயில்" என்று வரும், அல்லது "பெண்டிங்" என்று தொங்கும், வாடிக்கையாளர் கடை வாசலிலேயே நிற்பார். ஆப்பில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி பெயர் மட்டும் வந்தால் அரை நம்பிக்கை. "உங்கள் பிளான் இன்ன தேதியில் முடிகிறது" என்ற விவரமும் சேர்ந்து வந்தால் அது கம்பெனியிடமிருந்தே வந்த தகவல், அதை நம்பலாம்.

எனக்கு மிகவும் உதவியது இதற்கு அடுத்த படி: கம்பெனிகளின் சொந்த ரீசார்ஜ் பக்கம். ஜியோ தளத்தில் ஏர்டெல் எண்ணைப் போட்டால் செல்லாது, ஜியோ எண்ணைக் கொடு என்று சொல்லிவிடும். ஏர்டெல் பக்கமும் அதே மாதிரிதான். தன் வாடிக்கையாளர் யார் என்று கம்பெனிக்குத் தெரியாமல் இருக்காது, பணம் வாங்கும் இடத்தில் பொய்யும் சொல்லாது. பணம் கட்ட வேண்டியதில்லை, எண்ணை ஏற்றுக்கொண்டு பிளான் பட்டியலைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம். ஓர் எண்ணுக்கு நாலு கம்பெனி, சலிப்பான வேலை, ஆனால் ரீசார்ஜ் ஆப் சொன்ன கம்பெனியில் முதலில் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தெரியாதவர் எண்களை இப்படித் துருவ வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே மண்டிக்குச் சரக்குப் போடுகிறவர்கள் பேசுவதற்காகவே கொடுத்த எண்கள், முதலாளியும் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

ஃபோன் கையில் இருந்தால் இத்தனை சுற்று வேண்டாம். மாறும்போது சிம்மும் புதுசு, அதனால் சிம் என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை. சரக்கோடு வந்தவர்களிடம் ஃபோனை வாங்கி, ஆண்ட்ராய்டில் மொபைல் நெட்வொர்க் அமைப்புக்குள் ஏபிஎன் என்பதைத் திறந்தால், கீழே எம்சிசி (நாட்டுக்கான குறியீடு), எம்என்சி (கம்பெனிக்கான குறியீடு) என்று இரண்டு வரிகள் இருக்கும். தமிழ்நாட்டு ஏர்டெல் 404, 94. பிஎஸ்என்எல் 404, 80. வி 404, 43. ஜியோ 405, 869. இரண்டு சிம் போட்ட ஃபோனில் எந்த சிம்முக்குப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும், மலையில் பாதிப் பேர் இரண்டு சிம்காரர்கள், நோட்டில் இருக்கும் எண் இரண்டாவது சிம்மில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பட்டன் ஃபோன்காரர்களிடம் இந்த வசதி கிடையாது. அங்கே வேறொரு துப்பு உண்டு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை, 4ஜியிலிருந்துதான் ஆரம்பம். பழைய 2ஜி பட்டன் ஃபோனில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அது ஜியோ இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடலாம். மாரமங்கலத்து அம்மா ஒருவரின் எண்ணுக்கு எதிரே நோட்டில் "ஜி" என்று இருந்தது, அவர் மடியிலிருந்து எடுத்ததோ ரப்பர் பேண்ட் போட்ட பழைய பட்டன் ஃபோன். எழுத்தை அங்கேயே அடித்தோம். சிம்மைக் கழற்றினால் பின்பக்கம் கம்பெனி பெயரே அச்சாகி இருந்தது, அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு.

நேரில் வராதவர்களை என்ன செய்வது? கூப்பிட்டுக் கேட்பதுதான். "என்ன சிம்முங்க?" என்று கேட்டால் சிலர் பழைய கம்பெனியைச் சொல்வார்கள். "போன தடவை எதுக்கு ரீசார்ஜ் போட்டீங்க?" என்று கேட்டால் சரியான பதில் வரும். காசு கொடுத்தது யாருக்கும் மறப்பதில்லை.

புது நோட்டு

சிவப்பு எழுத்தை எடுத்துவிட்டு மூன்று சின்னக் கட்டம் போட்டோம்: இப்போதைய கம்பெனி, எப்படித் தெரிந்தது, எந்தத் தேதியில் பார்த்தது. தேதிக்குக் கணக்குப்பிள்ளை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்பருக்கு எதுக்குத் தேதி, இது என்ன மருந்து பாட்டிலா?" என்றார். ஆனால் தேதி இல்லையென்றால் இந்த நோட்டும் பழைய நோட்டு போன வழியிலேயே போகும். ஒருமுறை மாறியவர் அந்தக் கம்பெனியில் 90 நாளாவது இருந்தால்தான் அடுத்து மாற முடியும், அதனால் ஒருவர் போன வாரம் மாறியிருக்கிறார் என்றால் அந்த வரியைப் பற்றி மூன்று மாதம் கவலைப்பட வேண்டாம். மாறுவதற்கான எட்டு எழுத்துக் குறியீடு வந்தால் நம் வட்டத்தில் அது 4 நாள்தான் செல்லும், வட்டத்துக்குள் மாற 3 வேலை நாள், வெளி வட்டத்துக்கு 5. "மாத்தப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த வாரமே அவர் வரியைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். 2024 ஜூலையிலிருந்து ஒரு விதி கூடியிருக்கிறது: தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கினால் 7 நாளைக்கு அந்தக் குறியீடு கிடைக்காது. நம் எண்ணை வேறு யாராவது ஏமாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

இன்னொரு சிக்கலும் கிடந்தது. சில எண்களில் முற்றிலும் வேறு ஆள் எடுத்தார். ரீசார்ஜ் போடாமல் விட்டு துண்டிக்கப்பட்ட எண், சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடுகிறது. மாறிய எண் துண்டிக்கப்பட்டால் அது முதலில் ஒதுக்கப்பட்ட கம்பெனிக்கே திரும்பும். அதனால் அபூர்வமாக முதல் நாலு இலக்கம் மறுபடி உண்மையாகிவிடும், ஆள்தான் மாறியிருப்பார். அந்த வரிகளை அடித்துவிட்டு, அதே ஊர்க்காரர்களிடம் புது எண் கேட்டு எழுதினோம்.

முதலாளி ஒன்றை எதிர்பார்த்தார், அது நடக்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்கு இரண்டு கம்பெனி ஆட்களை வைத்துக்கொண்டால் எந்த மழையிலும் ஒருவராவது கிடைப்பார் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரி, எப்போதும் சரியில்லை. டவர் கட்டி வாடகைக்கு விடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆன்டெனா தொங்கும். கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றிப் போக ரோடும் இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும். அதனால் ஊருக்கு இரண்டு பேர் என்பதோடு, அந்த இரண்டு பேரில் ஒருவர் வேறு சரிவில், வேறு டவர் பக்கம் இருப்பவராகப் பார்த்தோம். நாகலூருக்கு அப்படி ஆள் சுலபமாகக் கிடைத்தது. கொட்டச்சேட்டுக்குக் கிடைக்கவில்லை, அங்கே குப்பனூர் பாதையில் தினமும் ஏறி இறங்கும் பிக்கப் டிரைவர் ஒருவரின் எண்ணைச் சேர்த்திருக்கிறோம், அவரிடம் இரண்டு கம்பெனி சிம்மும் ஓடுகிறது.

இன்னும் சில எண்கள் முடியவில்லை. ஆப் ஒன்று சொல்கிறது, கம்பெனிப் பக்கம் ஏற்க மறுக்கிறது, கூப்பிட்டால் ரிங் போகிறது, எடுப்பதில்லை. அந்த வரிகளில் கம்பெனிக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேதியை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறோம். மிளகு பறிப்பு ஆரம்பித்தால் அவர்களே மூட்டையோடு இறங்கி வருவார்கள், அப்போது சிம்மைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார்.